குணவதியின் சேலைத்தூக்கி

ஸ்ரீஸ்கந்தராசாவின் வாயில் ஒரு நல்ல செய்தி ஒரு நாளாவது தங்கியதாகச் சரித்திரம் இல்லை. மகள் துவாரகாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அவள் அந்த மின்னஞ்சலை வாசித்து முடிக்கும் முன்னரே ரொறொன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் புதுக் கூரை போட்டதைச் சொன்னார். போட்ட கூரை ஒழுகவில்லை என்பதையும் தனியாக ஒருமுறை சொன்னார். கார்க் காப்புறுதி விற்பது அவருடைய தொழில். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராக இருப்பது அவருடைய வாழ்க்கை. இடையிடையே கல்யாணங்களுக்கு வாழ்த்துப்பா எழுதி, பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் கேட்டு அவர் எழுதியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கையில் அவர் வாழ்நாளிலேயே பெரிய பெருமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சட்டம் சொன்னது. சட்டத்துக்கு இரக்கம் என்பது கொஞ்சமும் கிடையாது.

எல்லாம் ஒரு சேலையில்தான் தொடங்கியது. ரொறொன்ரோவில் தை மாதத்தில் முகூர்த்தம் வைக்க எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் மனம் வராது. காரை நிறுத்திய இடத்துக்கும் மண்டப வாசலுக்கும் இடையில் கரைந்த பனியும் தெருவில் கொட்டிய உப்பும் சேர்ந்து கறுப்புக் குழம்பாகக் கிடக்கும். ஒரு கையில் பரிசுப் பெட்டி, மறு கையில் சேலை, தோளில் நழுவும் கோட்டு என்று பெண்கள் அதைக் கடப்பார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததில் ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி குணவதியின் அரக்குப் பட்டின் கரையோரம் முழுக்க உப்பு வெள்ளைக் கோடு போட்டுவிட்டது. உலர்சலவைக்காரர் கையை விரித்துவிட்டார்.

குணவதி அந்தச் சேலையை மடித்து வைக்கவில்லை. நிலவறையில் தையல் மெஷினுக்கு எதிரே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாசா ஒன்றிலிருந்த கடையில் யன்னல்களுக்குத் துணி பிளைன்ட்ஸ் தைப்பது அவளுடைய வேலை. துணியின் பின்பக்கம் வளையங்கள் தைத்து, அவற்றுக்குள் கயிறு கோத்திருக்கும். ஒரு கயிற்றை இழுத்தால் துணி முழுவதும் மடிப்பு மடிப்பாக மேலே போகும். யன்னலுக்கு முடியுமென்றால் எனக்கு ஏன் முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

நினைத்த அளவுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. சேலையின் பின்பக்கம் ஒற்றைத் துணி. முன்பக்கம் கொய்யகம், அதாவது அடுக்கடுக்காக மடித்துச் செருகிய பாரமான பகுதி. எல்லாக் கயிற்றையும் ஒன்றாக இழுத்தால் பின்பக்கம் பறந்து மேலே போகும், முன்பக்கம் அசையாது. மேலே போனாலும், இறங்கும்போது மடிப்பெல்லாம் கசங்கிக் கிழங்கு மூட்டை ஆகிவிடும். அந்தப் பனிக்காலமும் அதற்கடுத்த கோடையும் நிலவறையில் கழிந்தன. கடைசியில் ஒரு சீப்புச் செய்தாள். பிளாஸ்டிக்கில் பல் பல்லாக வெட்டிய தட்டையான சீப்பு. கொய்யகத்தின் ஒவ்வொரு மடிப்பும் அடியில் ஒரு பல்லுக்குள் போய் உட்காரும். முன்பக்கக் கயிறுகள் அந்தச் சீப்பையே பிடித்துத் தூக்குவதால் பாரமும் தெரியாது. ஏறும்போதும் அதே மடிப்பு, இறங்கும்போதும் அதே மடிப்பு.

முதல் பனி விழுந்த காலை அவள் சேலையும் பூட்ஸுமாகக் கராஜுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வெளியால வாங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசா தேநீர்க் கோப்பையோடு வந்தார். அவள் இடுப்போரத்தில் முந்தானைக்குக் கீழே இருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சேலை சுற்றிவர ஒரே அளவில் ஒரு சாண் மேலே போய் நின்றது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு தெருவரை பனிக்குள் நடந்தாள். திரும்பி வந்து கயிற்றைப் பிடித்திருந்த கொளுவியைத் தட்டினாள். சேலை இறங்கியது. கொய்யகம் இப்போதுதான் இஸ்திரி போட்டது போல விழுந்தது.

"குணம், உது நீரே செய்தனீர்?"

"வேற ஆர் செய்தது? உங்கட சங்கமோ?"

அவர் கோப்பையைப் பிடித்தபடியே நின்றார். முப்பது வருடமாக மகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பெருமைப்பட்ட மனிதருக்கு, இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் தான் எங்கேயும் பேசியதில்லை என்பது அந்தக் காலையில்தான் உறைத்தது. தேநீர் ஆறிப்போனது.

பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து வந்த மகள் துவாரகா ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, this is crazy. உடனே செலீனிட்டைப் போவம்," என்றாள். செலீன் அவளோடு படித்தவள், மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. யூனியன்வில்லில் காப்புரிமை முகவராக இருந்தாள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதன் உரிமையை அரசாங்கத்தில் பதிந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

அவர்கள் மூவரும் போனபோது செலீன் சீப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்ரி, உது சும்மா தையல் வேலை இல்லை. உது ஒரு கண்டுபிடிப்பு."

"அப்ப என்ரை வாழ்த்துப்பாவுக்கும் உரிமை எடுக்கலாமோ?" என்று ஸ்ரீஸ்கந்தராசா இடையில் புகுந்தார்.

"அங்கிள், பாட்டுக்கு நீங்கள் எழுதின கையோடையே உரிமை வந்திட்டுது. ஒரு ஒஃபிசுக்கும் போகத் தேவையில்லை. ஆரும் கொப்பி அடிச்சா நீங்கள் கேக்கலாம்."

"இதுவரைக்கும் ஒருத்தரும் அடிக்கேல்லை," என்றாள் குணவதி.

செலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். "ஆனா அன்ரியின்ரை உதுக்கு அப்படித் தானா ஒண்டும் வராது. நாங்கள் விண்ணப்பிக்க வேணும். செய்த முறையை ஒண்டும் ஒளிக்காமல் முழுசா எழுதிக் குடுக்க வேணும், அதை உலகத்தில ஆரும் வாசிக்கலாம். அதுக்குப் பதிலா இருபது வருசத்துக்கு அன்ரியைக் கேக்காமல் ஒருத்தரும் உதைச் செய்யவோ விக்கவோ ஏலாது. ஆனா ஒரு விசயம். விண்ணப்பம் போட முதல் வெளியில தெரிய வந்தால், உது புதுசு எண்டு சொல்ல ஏலாது. கனடாவிலயும் அமெரிக்காவிலயும் ஒரு வருசம் தவணை தருவினம். ஐரோப்பாவில ஒரு நாள் கூட இல்லை."

"ஒஸ்லோவிலயும் சூரிச்சிலயும் எங்கட பெண்டுகள் ஸ்நோவுக்குள்ளதானே நிக்கினம்," என்றாள் குணவதி. "அங்கயும் வேணும்."

"அப்ப குடும்பத்துக்கு வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது."

அறையிலிருந்த மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?" என்றார் அவர்.

அன்றே விண்ணப்பித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குணவதிதான் மறுத்தாள். சீப்பின் பல் எப்போதாவது சரிகையில் ஒரு நூலை இழுத்துவிடுகிறது, அதைச் சரிப்படுத்திவிட்டுத்தான் கொடுப்பேன் என்றாள். முதலில் விண்ணப்பிப்போம், திருத்தியதைப் பிறகு சேர்க்கலாம் என்று செலீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அரைகுறையா ஒண்டுக்குக் கீழ என்ரை பேரைப் போட மாட்டன்," என்றாள் குணவதி. பெருமை அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருந்த வியாதி இல்லை.

அந்த வாரங்களில் ஸ்ரீஸ்கந்தராசா பட்ட பாட்டை அவருக்குப் பிடிக்காதவர்கள் பார்த்திருந்தால்கூட இரங்கியிருப்பார்கள். காப்புறுதி புதுப்பிக்க வந்தவர்களிடம் பனியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கி, சேலைக்குப் பக்கத்தில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். சங்கத்தின் செயலாளர் இராசரத்தினம் அவருடைய நாற்பது வருடச் சிநேகிதர். அவருடைய தொலைபேசி அழைப்புகளையே எடுக்காமல் விட்டார். எடுத்தால் சொல்லிவிடுவோம் என்ற பயம்.

பிறகு சங்கத்தின் வருடாந்த இராப்போசன விருந்து வந்தது.

அன்று மாலை பனி கொட்டித் தீர்த்தது. நானூறு பேர் கொள்ளும் மண்டபம். வாசலில் பெண்கள் பூட்ஸை உதறிக்கொண்டும், சேலைக் கரையைப் பிழிந்துகொண்டும், கணவன்மாரை வைதுகொண்டும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் காலில் பலசரக்குக் கடைப் பைகளைக் கட்டியிருந்தார்கள். சேலையைப் பையில் கொண்டுவந்த ஒரு கூட்டம் கழிவறைக்குள் நெருக்கியடித்து உடுத்திக்கொண்டிருந்தது. குணவதி மட்டும் காரிலிருந்து இறங்கி, கோட்டுக்குள்ளே கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நேரே நடந்து வந்து, கோட்டைக் கழற்றும் முன்னரே இறக்கிவிட்டு, உலர்ந்த பட்டோடு போய் மேசையில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை.

விளக்கேற்றினார்கள். பாடசாலைக் கீதம் பாடினார்கள். தலைவர் உரைக்கு ஸ்ரீஸ்கந்தராசா மைக்கைப் பிடித்தார். மேடையில் ஒரு தட்டில் பொன்னாடை காத்திருந்தது. அதைப் போர்த்திக்கொள்ள வேண்டிய பிரதம விருந்தினர் பெருந்தெருவில் பனிக்குள் மாட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். கொண்டுவந்த பொன்னாடையை யாருக்கும் போர்த்தாமல் திருப்பிக் கொண்டுபோவது எங்கள் ஆட்களால் தாங்க முடியாத துக்கம்.

அவர் தட்டைப் பார்த்தார். வாசலில் இன்னும் கரையைப் பிழிந்துகொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு குணவதியைப் பார்த்தார். குடும்பத்துக்கு வெளியில் என்றுதான் செலீன் சொன்னாள். இந்த மண்டபத்தில் வெளி எங்கே இருக்கிறது? இவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். அவள் இவனுடைய மச்சாளின் மச்சாள். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் சொல்லாமலே வருகிற சனம். இது குடும்பம் இல்லையென்றால் பிறகு எதுதான் குடும்பம் என்று அவர் மனதாரக் கேட்டுக்கொண்டார். அது சாட்டு இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

"அன்பானவர்களே," என்றார், "இந்தப் பொன்னாடைக்குரியவர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அவர் இந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறார்."

துவாரகா மேசையிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்பா, no. Please, no."

அவருக்குக் கேட்கவில்லை. வாழ்நாளிலேயே சிறந்த உரையை அவர் நிகழ்த்திக்கொண்டிருந்தார். உப்புக் கோட்டிலிருந்து தொடங்கினார். வளையங்களைச் சொன்னார், கயிறுகள் எந்த வழியாகப் போகின்றன என்று சொன்னார், முன்பக்கம் ஏன் பாரம் என்று சொன்னார், சீப்பின் பல்லுக்குள் மடிப்பு எப்படி உட்காரும் என்பதைத் தன் விரல்களை விரித்தே காட்டினார். எழுதிக்கொண்ட எவரும் வீட்டுக்குப் போய் ஒன்றைச் செய்திருக்கலாம். அவ்வளவு தெளிவு. கடைசியில் கை தட்டச் சொல்லிவிட்டு, மனைவியை மேடைக்கு அழைத்தார்.

குணவதி போனாள். போகாமல் என்ன செய்வது, நானூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது. அவளுடைய முகத்தில் இருந்த கோபத்தை ஸ்ரீஸ்கந்தராசா அப்போதுதான் கண்டார். மைக்கைக் கீழே இறக்கினார்.

மண்டபம் அமைதியானது. குணவதி கீழே இருந்த பெண்களைப் பார்த்தாள். நனைந்த கரைகளோடு எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவள் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய கை மெதுவாக இடுப்போரத்துக்குப் போனது.

சேலை ஒரு சாண் மேலே ஏறி நின்றது.

அந்தச் சத்தத்தை விவரிக்க முடியாது. பெண்கள் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கைதட்டல், விசில், "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்ற கூச்சல். அவள் கொளுவியைத் தட்ட, சேலை மடிப்புக் குலையாமல் இறங்க, கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள். வீடியோக்காரர் மூன்று கமராவில் எடுத்துக்கொண்டிருந்தார். அது நேரலையில் உலகம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியில் துவாரகாதான் காரை ஓட்டினாள்.

"எங்கட ஆக்கள்தானே, பிள்ளை," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா பின் இருக்கையிலிருந்து.

"எங்கட ஆக்களும் public தான், அப்பா."



திங்கட்கிழமை காலையிலேயே செலீன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். சரிகை இழுக்கிற அந்த அரைகுறைச் சீப்போடுதான். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பழுதில்லை, ஐரோப்பா போய்விட்டது என்றாள். அவள் கோபிக்கவில்லை. "இனி நீங்கள் ஆருக்கும் சொல்லலாம், அங்கிள். விண்ணப்பம் போட்டாச்சு, இனி ஒரு தடையும் இல்லை."

ஆனால் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். சங்கத் தலைமையை இராசரத்தினத்திடம் கொடுத்துவிட்டார். கல்யாணங்களுக்குப் போனால் பின் வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். வாழ்த்துப்பா இல்லாமல் அந்த வருடம் எத்தனையோ தம்பதிகள் தப்பினார்கள். பிளாசாவில் குணவதியைக் கண்டவர்கள், ஸ்ரீ அண்ணைக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்கள். முதல் மாதம் குணவதிக்கு அந்த அமைதி சுகமாகத்தான் இருந்தது. பிறகு பிடிக்காமல் போனது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தது.

அவள் நிலவறையில் சீப்பைத் திருத்திக்கொண்டேயிருந்தாள். பல்லின் விளிம்பை உருட்டியதும் சரிகைப் பிரச்சினை தீர்ந்தது. தவணைக்குள் செலீன் அதையும் சேர்த்துவிட்டாள்.

அடுத்த பனிக்காலத்தில் குணவதியின் ஒன்றுவிட்ட தங்கை ஒஸ்லோவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். அங்கே ஒரு புடவைக் கடையில், கண்ணாடி அலுமாரிக்குள், வளையமும் கயிறும் சீப்புமாக அதே சாமான் வரிசையாகத் தொங்கியது. யாரோ வீடியோவைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அங்கே அது குற்றமும் இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் குசினி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னாலைதான், குணம். உம்மடை உழைப்பை நான் வாயாலை வித்துப்போட்டன்."

குணவதி அடுப்பை அணைத்தாள். "கதைச்சது நீங்கள். கயிற்றை இழுத்தது ஆர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தானே இழுத்தனான். நீங்கள் சொன்னதோட விட்டிருந்தால் செலீன் ஏதும் செய்து பாத்திருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா எனக்கு இழுக்க வேணும் போல இருந்தது. முப்பது வருசமா உங்களுக்குப் பின்னால நிண்டனான். அண்டைக்குத்தான் ஒருக்கா முன்னால நிண்டன். அந்தப் பெண்டுகள் எழும்பி நிண்டு கத்தேக்குள்ள எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமோ? உங்களிலை கோபம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஐரோப்பா முழுக்கத் தாறம், அந்த ஒரு நிமிசத்தைத் தா எண்டு கேட்டால் குடுக்க மாட்டன்."

அவர் கவிழ்த்து வைத்த தொலைபேசியை அவள் நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தக் கடையில பெண்டுகள் என்னெண்டு கேட்டு வாங்கினம் தெரியுமோ? தங்கச்சி சொன்னவள். 'ஒரு குணவதி தாங்கோ' எண்டாம்." அவள் சோற்றைப் போட்டாள். "பேர் அவைக்கு எங்காலை வந்தது? உங்கட மைக்காலைதான் வந்தது. சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார். ஆனால் வாய் இன்னும் திறக்கவில்லை.

அதைத் திறந்தது காப்புரிமை அலுவலகம். விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரி ஒரு மறுப்பு அனுப்பியிருந்தார். கயிறிழுத்துத் துணியை உயர்த்துவது யன்னல் பிளைன்ட்ஸில் எப்போதோ இருந்து வருவது, அதைச் சேலைக்குப் போடுவது யாருக்கும் தோன்றக்கூடிய காரியம், இதில் கண்டுபிடிப்பு என்று என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. வாசித்த குணவதியின் முகம் சிவந்தது. இரண்டு வருடமாக நிலவறையில் இருந்து முதுகு வளைந்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐரோப்பா போனதற்கு அவள் இப்படிக் கலங்கவில்லை. கனடாவும் போனால், அவள் செய்ததில் புதிதாக ஒன்றுமேயில்லை என்றாகிவிடும்.

செலீன் எல்லோரையும் யூனியன்வில்லுக்கு அழைத்தாள்.

"சீப்பு பிளைன்ட்ஸில இல்லை. அதை நான் எழுதுவன். ஆனா இன்னொரு வாதம் இருக்கு. ஆருக்கும் தோன்றக்கூடிய விசயம் எண்டால் இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தருக்கும் தோன்றேல்லை? தேவை கனகாலமா இருந்தது, எல்லாரும் வழி தேடினவை, ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை எண்டு காட்ட வேணும். அதைக் கண்ணால கண்ட ஒரு ஆள் சத்தியக்கடதாசி தர வேணும்." அவள் ஸ்ரீஸ்கந்தராசாவின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இந்தச் சிற்றியில நீங்கள் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பியள்?"

"போகாததைக் கேளும், பிள்ளை. அது சொல்ல லேசு," என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். குணவதி தலையைக் குனிந்து புன்னகையை மறைத்தாள்.

செலீன் முதலில் கணினியைத் திருப்பி அந்த விருந்தின் வீடியோவைப் போட்டாள். பெண்கள் எழுந்து நின்ற விதமே ஒரு சாட்சி என்றாள். ஸ்ரீஸ்கந்தராசா அதை அதுவரை பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. திரையில் தான் கையை விரித்து விரித்துக் கத்துவதைக் காணக் கூச்சமாக இருந்தது. பிறகு குணவதி கயிற்றை இழுத்தாள். அன்று அவள் கயிற்றை இழுத்தபோது அவர் பின்னால் ஒதுங்கி நின்றதால் அவள் முகத்தைக் காணவில்லை. இப்போது கண்டார். கோபம் ஒரு பக்கமாக உருகிப் போக, நிமிர்ந்த கழுத்தோடு, ஒரு சிரிப்பு மெல்ல மெல்ல வந்து முகம் முழுக்க நிறைந்தது. கல்யாண நாளில்கூட அவளை அவர் அப்படிக் கண்டதில்லை. இவள் என்ரை மனுசி என்று அந்த அறையின் சுவர்களுக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"சொல்லுங்கோ அங்கிள். நீங்கள் கண்டதை மட்டும்."

அவர் சொல்லத் தொடங்கினார். இராசரத்தினத்தின் மனைவி காலில் பலசரக்குப் பைகளோடு மணவறைவரை வந்ததைச் சொன்னார். ஒஷாவாவில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணை நனையாமல் நான்கு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனதையும், பாதி வழியில் அவர்களில் ஒருவன் சறுக்கியதையும் சொன்னார். சேலைக்கு உள்ளே பனிச்சறுக்குக் காற்சட்டை போட்டு வந்த சம்பந்தியைச் சொன்னார். ஊசி குத்திப் பட்டைக் கிழித்தவர்களையும், இறப்பர் பட்டியால் கட்டி இரத்த ஓட்டம் நின்றவர்களையும், கம்பளத்தைக் கார்வரை விரித்து மண்டபக்காரரிடம் ஏச்சு வாங்கிய ஒரு தகப்பனையும் சொன்னார். எந்தக் கல்யாணம், எந்த மண்டபம், யாருடைய மகள் என்பதெல்லாம் ஒன்றும் தவறவில்லை. இவ்வளவு காலமும் எல்லா வீட்டுக் காரியத்திலும் மூக்கை நுழைத்ததன் முழுப் பலனும் அன்று அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது. செலீன் தட்டச்சுச் செய்த கையை உதறிக்கொண்டாள்.

"காணும் அங்கிள். கடைசியா ஒண்டு மட்டும். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவர் குணவதியின் பக்கம் கையைக் காட்டினார். "நானோ? நான் ஒவ்வொரு வருசமும் இவவின்ரை சீலையைப் பின்னால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான். எல்லாப் புருசன்மாரும் அதைத்தான் செய்தவை. அதுக்கு மேல எங்கள் ஒருத்தருக்கும் தோன்றேல்லை. இவவுக்கு மட்டும்தான் தோன்றினது."

செலீன் அதை அப்படியே எழுதினாள்.

அதிகாரி ஏற்றுக்கொண்டார். மூன்றாவது பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் காப்புரிமை வந்தது. கண்டுபிடித்தவர் பெயர் குணவதி ஸ்ரீஸ்கந்தராசா. ஸ்ரீஸ்கந்தராசா அதை உரக்க வாசித்தார். எங்கள் வழக்கப்படி மனைவியின் பெயருக்குப் பின்னால் வருவது கணவனின் பெயர். பத்திரிகையிலும் மேடையிலும் அழைப்பிதழிலும் தன் பெயரை முன்னால் பார்த்தே பழகிய மனிதர், அது இன்னொருவரின் பெயருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தார். அங்கே அது வடிவாக நின்றது. அன்றே அதைப் பிரேம் போடக் கொடுத்தார்.

அந்த வருட விருந்துக்கும் பனி தவறாமல் வந்தது. ஆனால் வாசலில் பாதிப் பெண்கள் கோட்டுக்குள்ளே கைவிட்டுக் கொளுவியைத் தட்டிவிட்டு, உலர்ந்த சேலைகளோடு வீசி நடந்து உள்ளே போனார்கள். அந்தத் தூக்கிகள் எல்லாம் குணவதியும் இரண்டு சிநேகிதிகளும் நிலவறையில் செய்து கொடுத்தவை. ஸ்ரீஸ்கந்தராசா பின் வரிசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் உரை முடிந்ததும் இராசரத்தினம் மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை அவருக்கு முன்னால் நீட்டினார்.

"ஸ்ரீ அண்ணை, ரெண்டு வருசமா நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்து புளுகிப் பாக்கிறம். உங்களைப் போல ஒருத்தருக்கும் வருகுதில்லை. பிடியுங்கோ."

அவர் மைக்கை வாங்கவில்லை. பக்கத்திலிருந்த குணவதியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, பேசுவதற்கு முன் அனுமதி கேட்டார்.

"சொல்லட்டோ, குணம்?"

குணவதி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். அவருக்கு முன்னால் ஒரு அடி வைத்து, மேடைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"வடிவாச் சொல்லுங்கோ," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "கயிறு என்ரை கையில."